சூடான பெட்டிக்குள் இரண்டு ரெகுலேட்டர்: பக்க இணைப்பில் ஓட்டும் முறை

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சாயப்பட்டறைக் கொதிகலன் பக்கத்தில் வைக்க ஒரு சின்ன சென்சார் போர்டு செய்துகொடுத்தேன். வரும் வோல்டேஜை இறக்கி நிலையான 5 வோல்ட்டாகத் தரும் ரெகுலேட்டர் ஐசியான 7805 ஒன்று மட்டும் சூடு தாங்காது என்று தெரிந்தது. சரி, இரண்டு போட்டால் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் என்று நினைத்து, இரண்டின் உள்கால்களையும் ஒன்றாகக் கட்டி, வெளிக்கால்களையும் ஒன்றாகக் கட்டிவிட்டேன். மேசையில் வைத்து ஓட்டியபோது எந்தக் குறையும் இல்லை. பெட்டிக்குள் மூடி வைத்த பிறகு சென்சார் அளவீடு சில நிமிடத்துக்கு ஒருமுறை குதிக்க ஆரம்பித்தது. மூடியைத் திறந்து விரல் வைத்துப் பார்த்தால், ஒன்று தொட முடியாத சூடு. மற்றது குளத்தில் கிடக்கும் எருமை மாதிரி குளுகுளுவென்று இருந்தது.

காரணம் எளிது. தனித்தனியாக அளந்தபோது ஒன்று 5.06 வோல்ட் தந்தது, இன்னொன்று 4.97. அதிகம் தருவது வெளிக்கம்பியை 5.06-இல் நிறுத்தி வைத்திருக்கும்வரை, 4.97-காரருக்கு “வோல்டேஜ் போதுமான அளவு இருக்கிறதே” என்ற எண்ணம்தான். அது வேலையைத் தொடாது. முதலாவது கொதித்துப்போய்த் தன்னைத் தானே அணைத்துக்கொண்டால்தான் இரண்டாவது எழுந்து வரும். முதலாவது ஆறியதும் மறுபடி பழைய கதை. இந்த ஆட்டம்தான் சென்சார் அளவீட்டில் தெரிந்தது.

ஒரே ரீலில், ஒரே தொகுப்பில் வாங்கினாலும் இந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். 7805-க்கு டேட்டாஷீட் அனுமதிக்கும் எல்லையே 4.8 முதல் 5.2 வோல்ட் வரை. ஆக, பக்க இணைப்பு என்பது கால்களை ஒன்றாகக் கட்டுவது அல்ல. கரண்ட் சமமாகப் பிரிய நாம் ஒரு ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைத்தான், கணக்கோடு, கீழே சொல்கிறேன்.

முதலில் சூட்டுக் கணக்கு

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஆம்பியரைப் பார்த்துத்தான் இரண்டாவது ரெகுலேட்டர் போடுகிறார்கள். சின்னப் பெட்டியில், சூடான இடத்தில், ஆம்பியர் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. ஒன்றரை ஆம்பியர் தரும் ஐசிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பிரச்சினை, ஒரே புள்ளியில் இறங்கும் வாட்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பிடித்துப் போவோம். பெட்டிக்குள் காற்று 85 டிகிரி. உள்ளே வருவது 5 வோல்ட், வேண்டியது 3.3 வோல்ட், லோடு 1 ஆம்பியர். ரெகுலேட்டர் எரித்துத் தள்ள வேண்டியது 1.7 வோல்ட் × 1 ஆம்பியர் = 1.7 வாட். போர்டில் ஓரளவு தாமிரப் பரப்போடு ஒட்டிய ஐசிக்கு, ஒரு வாட்டுக்கு 40 டிகிரி ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். (உங்கள் ஐசியின் டேட்டாஷீட்டில் எந்த அளவு தாமிரத்துக்கு எவ்வளவு என்று அட்டவணை இருக்கும், அதைப் பாருங்கள்.) ஒரே ஐசி என்றால் 68 டிகிரி ஏற்றம், மொத்தம் 153. சாதாரண ஐசியின் உள்சிலிக்கான் எல்லை 125. சூடு தாங்காமல் அணைந்துவிடும். இரண்டு ஐசி, சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 0.85 வாட், 34 டிகிரி ஏற்றம், 119. எல்லைக்குள் வந்துவிட்டது, ஆனால் மூச்சு முட்டுகிறது.

உள்ளே வருவது 12 வோல்ட் என்றால் இந்தக் கணக்கையே போடாதீர்கள். 8.7 வாட்டை எத்தனை ஐசிக்குப் பிரித்தாலும் மூடிய பெட்டிக்குள் வேகாது. முதலில் ஒரு ஸ்விட்சிங் பக் கன்வெர்ட்டர் (வேகமாக அணைத்து ஏற்றி, அதிகம் சூடாகாமல் வோல்டேஜை இறக்கும் சுற்று) வைத்து 5-க்கு இறக்கிவிட்டு, அப்புறம் மிச்ச வோல்டேஜைச் சூடாக எரிக்கும் நம் லீனியர் ரெகுலேட்டருக்கு வாருங்கள்.

ஐசியைத் தேர்வது

பக்க இணைப்புக்கென்றே பொருந்தி வரும் ஒரு வகை இருக்கிறது. 1976-இல் எல்எம்317 என்ற ரெகுலேட்டர் ஐசியை வடிவமைத்த ராபர்ட் டாப்கின், பல வருடம் கழித்து லீனியர் டெக்னாலஜியில் இருந்தபோது எல்டி3080-ஐக் கொண்டுவந்தார். அது வெளிவந்தது 2007-இல். (அந்தக் கம்பெனி 2017-இல் அனலாக் டிவைசஸோடு சேர்ந்துவிட்டது.) 1.1 ஆம்பியர் ஐசி. அதன் உள்ளே இருக்கும் யோசனை அழகானது.

சாதாரண ரெகுலேட்டருக்குள் ஒரு ரெஃபரன்ஸ் வோல்டேஜ் இருக்கும். வெளியீட்டை இரண்டு ரெசிஸ்டரால் பங்கிட்டு அதோடு ஒப்பிடும். ரெஃபரன்ஸில் ஒரு சதவீதப் பிழை என்றால் வெளியீட்டிலும் ஒரு சதவீதம். 3.3 வோல்ட்டில் அது 33 மில்லிவோல்ட். எல்டி3080-இல் ரெஃபரன்ஸ் வோல்டேஜே கிடையாது. செட் என்ற காலிலிருந்து 10 மைக்ரோஆம்பியர் நிலையாக வெளியே வரும். அதை ஒரே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு விட்டால், அந்த ரெசிஸ்டரின் மேல் விழும் வோல்டேஜ்தான் வெளியீடு. உள்ளே இருப்பது அதை அப்படியே பெருக்காமல் பிரதி எடுக்கும் ஆம்ப்ளிஃபையர்.

இப்போது பாருங்கள். இரண்டு ஐசிகளின் செட் கால்களையும் ஒன்றாகக் கட்டினால், இரண்டும் பார்ப்பது ஒரே வோல்டேஜ். ரெஃபரன்ஸ் சண்டைக்கு இடமே இல்லை. மிச்சம் இருக்கும் வித்தியாசம் ஆம்ப்ளிஃபையரின் ஆஃப்செட் (செட் காலுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே வரும் சின்ன வோல்டேஜ் பிழை) மட்டும். சின்ன டிஎஃப்என் உறையில் அது அறை வெப்பத்தில் அதிகபட்சம் ±2 மில்லிவோல்ட், முழு வெப்ப எல்லைக்கும் ±3.5. பெரிய உறைகளில் இதைவிடக் கூடுதல், அதனால் இந்த வேலைக்குச் சின்ன உறையே நல்லது.

செட் ரெசிஸ்டர் கணக்கு: இரண்டு ஐசியின் 10 மைக்ரோவும் சேர்ந்து 20 மைக்ரோஆம்பியர். 3.3 வோல்ட் ÷ 20 மைக்ரோ = 165 கிலோ ஓம். ஒரு ஐசிக்கான 330 கிலோவை மறதியாக அப்படியே விட்டால் வெளியீடு 6.6-ஐ நோக்கி ஏறப் பார்க்கும். உள்ளே வருவது 5 என்பதால் அது எட்டாது, ஆனால் 3.3 வோல்ட் பாகங்கள் போய்ச் சேர நான்கு வோல்ட்டே போதும். மூன்று ஐசி என்றால் 110 கிலோ.

பாலஸ்ட் ரெசிஸ்டர்

இதுதான் மையம், இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம். ஒவ்வொரு ஐசியின் வெளிக்காலுக்கும் பொதுக் கம்பிக்கும் நடுவே ஒரு குட்டி ரெசிஸ்டர். அதிக கரண்ட் தரும் ஐசியின் ரெசிஸ்டரில் அதிக வோல்டேஜ் விழும், அது அந்த ஐசியைத் தானாகவே பின்னுக்கு இழுக்கும். கரண்ட் வித்தியாசம் = ஆஃப்செட் வித்தியாசம் ÷ ரெசிஸ்டர். இந்த ஒரு சமன்பாடு போதும்.

மோசமான நிலையில் ஒரு ஐசி +3.5, மற்றது −3.5, வித்தியாசம் 7 மில்லிவோல்ட். வழக்கமாகப் போடும் 10 மில்லி ஓம் வைத்தால் கரண்ட் வித்தியாசம் 0.7 ஆம்பியர். அதாவது ஒன்று 0.85, மற்றது 0.15. அறை வெப்பத்தில் மேசையில் இயங்கும் கருவிக்கு 10 போதும். கொதிக்கும் பெட்டிக்கு எனக்கு அது போதவில்லை. 20 மில்லி ஓம் போட்டால் வித்தியாசம் 0.35, பங்கு 0.675-க்கும் 0.325-க்கும். இது அபூர்வமாக நேரும் எல்லைநிலை. கையில் கிடைக்கும் ஐசிகள் பெரும்பாலும் இதைவிட நெருக்கமாகவே இருக்கும். இழப்பு? அரை ஆம்பியரில் 10 மில்லிவோல்ட், 3.3-இல் 0.3 சதவீதம். தாராளமாகக் கொடுக்கலாம்.

இதே வேலையை 7805-ஐ வைத்துச் செய்ய முயன்றால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். எல்லை வித்தியாசம் 0.4 வோல்ட், 0.35 ஆம்பியருக்குள் அடக்க ஓர் ஓமுக்கு மேல் வேண்டும். அரை ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். அதைப் போய் ரெகுலேட்டர் என்று சொல்ல மனசு வராது.

20 மில்லி ஓம் ரெசிஸ்டரைக் கடையில் தேட வேண்டாம், போர்டிலேயே வரைந்துவிடலாம். ஒரு அவுன்ஸ் தாமிரம் 35 மைக்ரான் தடிமன். அதில் எந்த அளவு சதுரமாக இருந்தாலும், ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய அரை மில்லி ஓம். 20 மில்லி ஓமுக்கு 40 சதுரம். அரை மில்லிமீட்டர் அகலம் என்றால் 20 மில்லிமீட்டர் நீளம். நேர்கோடாக விட இடம் இல்லாவிட்டால் மடித்து விடுங்கள், இரண்டுக்கும் ஒரே மாதிரி மடியுங்கள். தாமிரத்துக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் தடை ஏறும். 25-இல் 20 மில்லி ஓமாக இருந்தது 105-இல் 26 ஆகிவிடும். எங்கே சூடோ அங்கே தடை கூடி, பங்கீடு இன்னும் சமமாகிறது. நமக்குச் சாதகமான விஷயங்கள் இந்தத் தொழிலில் அபூர்வம், இது அதில் ஒன்று.

அரை மில்லிமீட்டர் அகல ட்ரேஸ் (போர்டில் ஓடும் தாமிரக் கோடு) ஒரு சென்டிமீட்டர் ஓடினாலே 10 மில்லி ஓம் என்றால், கவனக்குறைவாக ஒரு ஐசியை லோடுக்குப் பக்கத்திலும் மற்றதைத் தூரத்திலும் வைத்தாலே பங்கீடு கெட்டுப்போகும் என்பது புரிந்திருக்கும். இரண்டு பாலஸ்ட்டும் ஒரே புள்ளியில் சந்திக்கட்டும். அந்தப் புள்ளியிலிருந்து லோடுக்கு ஒரே தடித்த பாதை. கணினியில் போர்டு வரையும் மென்பொருளில் தாமிரத்தைக் கொட்டி நிரப்பும்போது இந்தப் பாலஸ்ட் கோட்டையும் அது விழுங்கிவிடும். அதைச் சுற்றித் தாமிரம் நிரம்பக் கூடாத பகுதி என்று குறித்து வையுங்கள். எனக்கு ஒரு முறை முழு போர்டும் அப்படி வந்து சேர்ந்தது.

சூட்டை ரெசிஸ்டருக்குத் தள்ளுவது

எல்டி3080-இல் இரண்டு உள்வழிகள் உண்டு. கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு ஒரு கால், லோடு கரண்ட் போக இன் கால். வெளியீட்டைவிட 1.6 வோல்ட்வரை கூடுதலாக வேண்டியது கட்டுப்பாட்டுக் காலுக்குத்தான். இன் காலுக்கு, ஆம்பியரைப் பொறுத்து அரை வோல்ட்டுக்குள்ளேயே போதும். ஆகவே 5 வோல்ட்டைக் கட்டுப்பாட்டுக் காலுக்கு நேராகக் கொடுத்துவிட்டு, இன் காலுக்கு மட்டும் ஐசிக்கு ஒன்றாக 1.5 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுங்கள். 5 வோல்ட் 4.9-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரை ஆம்பியரில் ரெசிஸ்டர் 0.75 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. ஐசிக்கு மிச்சம் 0.95-க்குச் சற்றுக் குறைவு, 0.47 வாட். 0.85 இருந்த இடத்தில் 0.47. ஏற்றம் 19 டிகிரி, ஐசி 104-இல் உட்கார்ந்திருக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். பங்கீடு சாய்ந்து ஒரு ஐசி 0.7 ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். ரெசிஸ்டரில் 1.05 வோல்ட் விழும், ஐசிக்கு 0.64 வோல்ட், 0.45 வாட். அதாவது கூடுதல் கரண்ட் எடுக்கும் ஐசி கூடுதலாகச் சூடாகவில்லை, கொஞ்சம் குறைந்தே இருக்கிறது. பாலஸ்ட் சரி செய்ய முடியாமல் விட்ட மிச்சத்தை இந்த ரெசிஸ்டர் தாங்கிக்கொள்கிறது. சூடான பெட்டிக்குப் பக்க இணைப்பு செய்யும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ரெசிஸ்டர் வயர்வவுண்டாக, 2 வாட்டாக இருக்கட்டும். 0.7 ஆம்பியரில் 0.74 வாட் வரை போகும். ரெசிஸ்டர்களின் வாட் கணக்கு பெரும்பாலும் 70 டிகிரிவரைதான் முழுசாகச் செல்லும், அதற்கு மேல் இறங்கும். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பெட்டிக்குள் இறங்கும் மொத்தச் சூடு மாறவில்லை, 1.7 வாட் 1.7 வாட்தான். நாம் அதை ஐசியின் முதுகிலிருந்து இறக்கி வேறு தோளில் ஏற்றியிருக்கிறோம், அவ்வளவே. பெட்டிச் சுவரோடு ரெசிஸ்டருக்கு வெப்பத் தொடர்பு கொடுத்தால்தான் உள்காற்று ஏறாமல் இருக்கும். இரண்டு, ஒரு ஐசி செத்தால் மற்றது முழு ஆம்பியரையும் தாங்கும் என்று நம்பாதீர்கள். 1.5 ஓமில் ஒரு ஆம்பியர் போனால் 1.5 வோல்ட் விழுந்து, ஐசிக்கு 0.2 வோல்ட்தான் மிஞ்சும், வெளியீடு சரியும்.

போர்டில் உட்கார வைப்பது

இரண்டு ஐசியையும் தோளோடு தோள் ஒட்டி ஒரே தாமிரப் பரப்பில் வைத்தால் வெப்பத்தைப் பொறுத்தவரை அது ஒரே ஐசிதான். இடம் விடுமளவுக்குத் தள்ளி வையுங்கள்; போர்டின் முன்னும் பின்னும் நேருக்கு நேர் ஒட்டவே கூடாது. ஐசியின் அடித்தளத்துக்குக் கீழே வெப்பம் இறங்க வயாக்கள் (உள்ளே தாமிரம் பூசிய சிறு துளைகள்) நிறையப் போடுங்கள். எல்டி3080-இன் அடித்தளம் கிரவுண்ட் அல்ல, வெளியீட்டுக் காலோடு சேர்ந்தது. அதனால் இரண்டு ஐசியின் வெப்பத் தாமிரத்தையும் ஒன்றாக இணைத்தால் பாலஸ்ட்டைக் குறுக்கே கட்டிவிட்டதாக அர்த்தம். தனித்தனித் தீவுகளாக வரையுங்கள்.

செட் கால் சங்கதி சூட்டில் மட்டும் தலைகாட்டும். அங்கே ஓடுவது 20 மைக்ரோஆம்பியர். போர்டில் மிஞ்சிய ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) அழுக்கு, சூட்டிலும் ஈரத்திலும் 20 நானோஆம்பியர் கசியவிட்டாலே வெளியீடு 0.1 சதவீதம் நகரும். சால்டர் முடிந்ததும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். செட் ட்ரேஸைச் சுற்றி வெளியீட்டோடு இணைந்த ஒரு காவல் வளையம் வரைவது இன்னும் நல்லது. இரண்டும் ஒரே வோல்டேஜில் இருப்பதால் கசிய எதுவும் இல்லை.

கெபாசிட்டர்: ஒவ்வொரு ஐசிக்கும் அதன் காலடியில் குறைந்தது 2.2 மைக்ரோஃபாரட் வெளியீட்டில் வேண்டும், நான் 4.7 போடுவேன். எக்ஸ்5ஆர் வகை செராமிக் கெபாசிட்டருக்கு 85 டிகிரிதான் எல்லை, நம் பெட்டியில் அது முதல் நாளே விளிம்பில் நிற்கும். எக்ஸ்7ஆர் 125 வரை, எக்ஸ்8ஆர் 150 வரை. எலெக்ட்ரோலிடிக்கை இந்த மூலையில் சேர்க்கவே வேண்டாம், சூட்டில் உள்ளே காய்ந்து போகும்.

அப்புறம் குறைந்தபட்ச லோடு. ஒவ்வொரு ஐசிக்கும் அரை மில்லிஆம்பியராவது வெளியே போக வழி வேண்டும், இல்லாவிட்டால் வெளியீடு மெல்ல மேலே ஊர்ந்து ஏறும். வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 2.2 கிலோ ஓம், 1.5 மில்லிஆம்பியர், வேலை முடிந்தது.

சோதிப்பது

பாலஸ்ட்டின் இரு முனையிலும் சின்னச் சின்ன சோதனைப் புள்ளி விட்டு வைத்திருந்தால் அதுவே அம்மீட்டர். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து அளந்தால் அரை ஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட் காட்டும். இரண்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் 100 மில்லிஆம்பியர் லோடில் அளந்து, ஒரு ஐசி முழுதையும் எடுக்கிறது, மற்றது பூஜ்யம் என்று பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. அது இயல்பு. ஆஃப்செட் வித்தியாசத்தைத் தாண்டும் அளவுக்குக் கரண்ட் வந்த பிறகுதான் இரண்டாவது உள்ளே வரும். 100 மில்லிஆம்பியரில் எந்த ஐசியும் சூடாகப் போவதில்லை. ஒரு ஆம்பியரில் அளந்து, அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பிறகு சூட்டில். பழைய ஓடிஜி அடுப்பு ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். அதில் மறுபடி கேக் சுடக் கூடாது. ஐசியின் மேல் கே வகை தெர்மோகப்பிளைக் கப்டான் டேப்பால் ஒட்டி, 85 டிகிரியில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். பளபளக்கும் உலோகத்தை வெப்பக் கேமராவில் பார்த்து நம்ப வேண்டாம், அது குறைத்துக் காட்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பாலஸ்ட் மில்லிவோல்ட், வெளியீட்டு வோல்டேஜ், இரண்டு ஐசியின் சூடு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பாலஸ்ட் மில்லிவோல்ட் அறை வெப்பத்தைவிட 25, 30 சதவீதம் ஏறியிருந்தால் அது தாமிரத்தின் குணம், கரண்ட் ஏறவில்லை. வெளியீடு 3.3-லிருந்து நகர்ந்திருந்தால் செட் காலடியில் அழுக்கைத் தேடுங்கள். ஒரு ஐசி மட்டும் 15 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால் அதன் அடித்தள சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். எனக்குப் பத்தில் எட்டு முறை அதுதான்.

எண்ணெய்க் கிணற்றுக்குள் இறங்கும் கருவிபோல 175 டிகிரிக்கு மேல் போக வேண்டியவர்களுக்கு இந்த ஐசி உதவாது. அங்கே சிலிக்கானின் கசிவு கரண்டே பெரிய தொல்லையாக வளர்ந்துவிடும். காப்புப் படலத்தின் மேல் கட்டிய சிலிக்கானில் ஹனிவெல் போன்றவர்கள் 225 டிகிரிவரை தாங்கும் ரெகுலேட்டர்கள் செய்கிறார்கள், விலை வேறு உலகம். 183 டிகிரியில் உருகும் ஈய சால்டரும் அங்கே நிற்காது, எஃப்ஆர்-4 என்ற வழக்கமான கண்ணாடி இழை போர்டும் நிற்காது. ஆனால் அங்கேயும் பாலஸ்ட் கணக்கு இதேதான்: ஐசியின் வோல்டேஜ் வித்தியாசத்தை டேட்டாஷீட்டில் அதன் உச்ச வெப்பத்துக்கான வரியிலிருந்து எடுங்கள், 25 டிகிரி வரியிலிருந்து அல்ல.